ஐந்து மணி வரை சந்தையில் நின்றவர்கள்

(பொதுக்காலம் 25-ஆம் ஞாயிறு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: மத்தேயு 20:1-16)



இன்றைய நற்செய்தியில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்காரர் வேலைக்கு ஆள் தேடிப் போகிறார். விடியற்காலையில் ஒருமுறை போகிறார். பிறகு காலை ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு, கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் போகிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி, ஆளுக்கொரு தெனாரியம். காலையிலேயே வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த உவமைதான்.

இந்த உவமையை எடுத்தால் நாம் எல்லாரும் நேராகக் கூலியில் போய் நிற்போம். ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும் நாள் முழுதும் வெயிலில் வெந்தவருக்கும் ஒரே கூலி நியாயமா என்று கேட்போம். 25 ஆண்டுக்கு மேல் நானும் அதைத்தான் பிரசங்கித்திருக்கிறேன். இந்த ஆண்டு அந்த இடத்துக்குப் போக மனம் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு சின்ன உரையாடல் இருக்கிறது. ஐந்து மணிக்குச் சந்தை வெளியில் நிற்கிறவர்களைப் பார்த்து, நாள் முழுதும் ஏன் இப்படிச் சும்மா நிற்கிறீர்கள் என்று முதலாளி கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. உவமையில் அதற்குப் பிறகு அவர்கள் வாயே திறப்பதில்லை.

கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆரணியிலும் வேலூரிலும் காலை ஆறு மணிக்குத் தூக்குவாளியோடு நிற்பார்கள். மேஸ்திரி வருவார், தோளைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், "நீ வா, நீ வா" என்பார். முதலில் ஏறிப் போவது இளவட்டம். கடைசிவரை நிற்பவர்கள் தலை நரைத்தவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள், போன வாரம்தான் இந்த ஊருக்கு வந்ததால் யாருக்கும் முகம் தெரியாதவர்கள். ஐந்து மணிக்கு நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. சோம்பேறியாக இருந்தால் பத்து மணிக்கே வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான். இவர்கள் ஐந்து மணி வரை நின்றார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் வேலை இழந்து, ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, ஆண்டுக்கணக்கில் நிற்கிறவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய கதையை அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

அவர் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தவர். 22 ஆண்டு சர்வீஸ். கொரோனா நேரத்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது 51. மனைவியோடு சொந்த ஊருக்கு, இந்த மலையடிவாரத்துக்குத் திரும்பி வந்தார். முதல் ஆறு மாதம் அலைந்தார். எங்கே போனாலும் வாசலில் ஒட்டிய தாளில் 35 வயதுக்குள் என்று இருந்தது. வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனால், வரிசையில் நின்ற பிள்ளைகள் "அங்கிள், பையனைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்களாம். அதோடு முகாமுக்குப் போவதை விட்டுவிட்டார்.

பிறகு அன்பியக் கூட்டத்துக்கு வருவதையும் விட்டுவிட்டார். ஞாயிறு திருப்பலிக்கு வருவார். கடைசி வரிசையில் நின்று, ஆசீர் முடிவதற்குள் வெளியேறிவிடுவார். பக்தி குறைந்துவிட்டது என்று நான் நினைத்தேன். உண்மை அது அல்ல. கோவில் முற்றத்தில் நின்றால் யாராவது வந்து "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து ஓடினார். கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுத வேண்டும், அதனால் கல்யாணமும் நின்றது.

அவர் பலவீனமானவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரியா நாட்டில் மரியந்தால் என்று ஒரு கிராமம். அங்கே இருந்த ஒரே பஞ்சாலை 1929-30 வாக்கில் மூடப்பட்டது. ஊரில் இருந்தவை 500-க்கும் குறைவான குடும்பங்கள். நான்கில் மூன்று பங்குக் குடும்பங்களில் ஒருவருக்கும் வேலை இல்லை. மரீ யஹோடா என்ற பெண்ணும் அவருடைய தோழர்களும் அந்த ஊரை ஆராய்ந்து 1933-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கையில் நேரம் நிறைய இருக்கிறதே, படிப்பார்கள், கூடுவார்கள், பேசுவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சங்கங்களில் ஆள் குறைந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூடக் குறைந்துவிட்டது. வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை, மனிதர்களும் போய்விடுகிறார்கள். மனிதர்கள் போன பிறகு அடுத்த வேலை எந்த வழியாக வரும்?

இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை 1981-ல் மனித உழைப்பைப் பற்றித் தனியாகவே ஒரு சுற்றுமடல் எழுதினார். வேலையின்மை எந்த வடிவத்தில் வந்தாலும் அது ஒரு தீமை என்று அதில் சொல்கிறார். வேலையில்லாதவரைக் குற்றவாளியாக அந்த மடல் பார்க்கவில்லை. நாம்தான் பார்க்கிறோம், அவரும் தன்னைத் தானே அப்படிப் பார்க்கப் பழகிவிடுகிறார்.

சரி, கதைக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு, திருவருகைக் காலத்தில் ஒருநாள் மாலை அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு பக்க பயோடேட்டா. "சாமி, உங்களுக்கு நாலு பேரைத் தெரியும். எங்கேயாவது சொல்லுங்க" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று வருடம் ஆகியிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. "கண்டிப்பா சொல்றேன், ஜெபிக்கிறேன்" என்றேன். தாளை வாங்கி, மேசைமேல் இருந்த ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன். கிறிஸ்துமஸ் வந்தது, புத்தாண்டு வந்தது. பொங்கலுக்கு ஊரில் ஒரு சமத்துவ விழா நடத்தினார்கள். என் பக்கத்து நாற்காலியில் ஆரணியைச் சேர்ந்த ஓர் அரிசி ஆலைக்காரர் உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் பேசினோம். மழையைப் பற்றிப் பேசினோம், வாழை விலையைப் பற்றிப் பேசினோம். அந்தத் தாள் என் நினைவுக்கு வரவே இல்லை.

புனித வாரத்துக்கு முன் அறையைச் சுத்தம் செய்தபோது அது புத்தகத்திலிருந்து விழுந்தது. அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது.

தொடக்கநூல் 40-ஆம் அதிகாரம் அப்போதுதான் எனக்குச் சுட்டது. சிறையில் இருந்த யோசேப்பு, மது பரிமாறுவோரின் தலைவனுக்குக் கனவின் பொருளைச் சொல்கிறார். நீ வெளியே போனதும் என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல் என்று கேட்கிறார். கனவுகளின் பொருளைக் கடவுள் வெளிப்படுத்திய மனிதர், கூடவே ஒரு மனிதனிடமும் வாய் திறந்து கேட்கிறார். அதை விசுவாசக் குறைவு என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் மறந்துவிட்டான். இரண்டு முழு ஆண்டுகள். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. வேலையில் திரும்பச் சேர்ந்த சந்தோஷத்தில், அரண்மனைப் பரபரப்பில் மறந்துவிட்டான். பிறகு பார்வோன் கனவு கண்டு கலங்கியபோதுதான் நினைவு வருகிறது, தன் குற்றத்தை ஒப்புக்கொண்டபடியே பேசத் தொடங்குகிறான்.

அவன் பார்வோனிடம் பேசிய விதத்தைக் கவனியுங்கள். பாவம், சிறையில் ஒரு பையன் இருக்கிறான், இரக்கப்பட்டு ஏதாவது செய்யுங்கள் என்று அவன் கேட்கவில்லை. உங்களுக்கு இப்போது ஒரு தேவை இருக்கிறது, அதைச் செய்யத் தெரிந்த ஒருவனை எனக்குத் தெரியும், அவன் செய்ததை நானே அனுபவித்திருக்கிறேன் என்கிற தோரணையில் பேசுகிறான். இதற்கும் நாம் சிபாரிசு என்று சொல்வதற்கும் நிறைய தூரம். தகுதியுள்ளவரைத் தள்ளிவிட்டு நம் ஆளை உள்ளே நுழைப்பது ஒன்று. நம் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அப்படிக் கடிதம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முகம் சுளித்ததுண்டு, இனிமேலும் சுளிப்பேன். ஆனால் அந்த வெறுப்பிலேயே, இந்த இடத்தில் ஆள் தேவை, இந்த ஆளுக்கு இது தெரியும் என்று சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையையும் விழுங்கிவிட்டேன். அதைச் சொல்வதற்கு நேர்மை ஒன்றும் கெடுவதில்லை. வாயைத் திறந்தால் போதும்.

திருத்தூதர் பணிகளைப் படியுங்கள். பவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது ஒருவரும் அவரை நம்பவில்லை. பர்னபாதான் கூட்டிக்கொண்டு போய் மற்றவர்களிடம் பேசினார். பிறகு பவுல் தர்சு நகரில், சொந்த ஊரில், ஒதுங்கி இருக்கிறார். அந்தியோக்கியாவில் வேலை பெருகுகிறது. பர்னபா ஆள் அனுப்பவில்லை, தானே தர்சுக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வருகிறார். உவமையில் வரும் முதலாளியும் அப்படித்தான். அவரிடம் மேற்பார்வையாளர் இருக்கிறார், கூலி கொடுக்கும்போது அவரை அழைக்கிறார். ஆனால் ஆள் தேட ஐந்து தடவையும் முதலாளியே நடந்து போகிறார்.

நம் நண்பருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான் புத்தகத்துக்குள் வைத்து மறந்த அதே சமயத்தில், பிப்ரவரி 11-ஆம் தேதி, லூர்து மாதா திருநாளன்று அவர் மனைவி வற்புறுத்திச் சேத்துப்பட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே கூட்டத்தில் ஒரு வேன் டிரைவர், ஏழெட்டு ஆண்டுக்கு முன் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி கொண்டுவந்தவர், அடையாளம் கண்டுகொண்டார். "அண்ணே, இப்ப எங்க இருக்கீங்க?" அதே கேள்வி. ஓடிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் மெழுகுவர்த்தி ஏற்றும் வரிசை, முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். "வேலை இல்லப்பா, மூணு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டார். டிரைவர் உச்சுக்கொட்டவில்லை. "நான் லோடு எடுக்கிற ரைஸ் மில்லுல எடைமேடைக்கு ஆள் தேடுறாங்கண்ணே. பசங்க வர்றாங்க, ரெண்டு மாசத்துல போயிடுறாங்க. கணக்கு சுத்தமா எழுதுற ஆள் வேணுமாம். நீங்க ஒரு அட்டைப்பெட்டி குறைஞ்சாலும் திருப்பி அனுப்புவீங்களே" என்றார்.

பொங்கல் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய ஆலைதான் அது.

சம்பளம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. தினம் போக வர இரண்டு பஸ். இதை மறைத்து எல்லாம் இனிதாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, லாரிக்காரர்கள் "சார்" என்கிறார்கள், அவர் அன்பியத்துக்கு வரத் தொடங்கிவிட்டார்.

நெருங்கிய சொந்தக்காரர்கள், கூடப் பிறந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் யாராலும் முடியாதது, பெயர்கூடச் சரியாக நினைவில்லாத ஒரு வேன் டிரைவரால் முடிந்தது எப்படி? இது அதிசயம் அல்ல என்று ஒரு பேராசிரியர் எனக்கு விளக்கினார். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர்கள் மூலமாக வேலை கிடைத்தவர்களைத் தேடிப் பேசினார். வேலையைப் பற்றிச் சொன்னவரை அப்போது எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 100-க்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் 55-க்கு மேல். அபூர்வமாக, ஆண்டுக்கு ஒருமுறை அல்லது அதற்கும் குறைவாக என்றவர்கள் ஏறக்குறைய 28. அவருடைய கட்டுரை 1973-ல் வந்தது. காரணம் எளிது. நம் வீட்டாருக்கும் நம் தெருக்காரருக்கும் நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். நாம் போகாத இடத்துக்குப் போகிறவருக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும். பால் வண்டிக்காரர், மருந்து ரெப்ரசென்டேட்டிவ், பழைய கம்பெனியின் வாட்ச்மேன், மகளோடு நர்சிங் படித்த பெண்ணின் அப்பா. இவர்களிடம்தான் நாம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம்.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. எல்லாருக்கும் நாலு பேர் தெரிந்திருப்பதில்லை. நம் ஊரில் யார் யாரைத் தெரிந்து வைத்திருப்பது என்பது சாதி பார்த்து, தெரு பார்த்து நடக்கிறது. கோவிலுக்குள் ஒரே பந்தி என்கிறோம். வேலைச் செய்தி மட்டும் சொந்தத் தெருவைத் தாண்டுவதில்லை. மில்லில் ஆள் தேவை என்று தெரிந்தால் மச்சானுக்குச் சொல்கிறோம், பின்வரிசையில் நிற்பவருக்குச் சொல்வதில்லை. அப்படி யாரும் தேடி வராத இடத்துக்கு வேறொருவன் தேடி வருவான்.

இதைச் சொல்லும்போது ஜவ்வாது மலையை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். இறந்தவர்களில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தவர் இருந்தார்கள். இந்த மலையையும் மலையடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். செம்மரக் கூலிக்கு இந்தப் பக்கத்தில் ஆள் சேர்ப்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். புரோக்கர் வருகிறான். வயது கேட்பதில்லை, படிப்பு கேட்பதில்லை, முன்பணம் கொடுக்கிறான். சந்தை வெளிக்கு நாம் யாரும் போகாதபோது அவன் தவறாமல் போகிறான். அந்த வீடுகளுக்கு முன்னதாகவே ஒரு நல்ல வேலைச் செய்தியோடு யாராவது போயிருந்தால் என்று நான் நினைக்காத ஏப்ரல் இல்லை.

வேலை தேடி நிற்கிற என் சகோதரர்களே, சகோதரிகளே, உங்களுக்கும் இரண்டொரு வார்த்தை. "எந்த வேலையானாலும் பரவாயில்லை" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பணிவாகச் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கேட்பவர் மனதில் அது ஒட்டாது. அந்த டிரைவர் மனதில் எட்டு வருடம் ஒட்டியிருந்தது கணக்குச் சுத்தம். உங்களுக்குத் தெரிந்தது எதுவோ அதைச் சொல்லுங்கள். 30 பேருக்குச் சமைப்பேன், டீசல் எஞ்சின் பார்ப்பேன், தறி தெரியும், ராத்திரி கண் விழித்து நோயாளியைப் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை சொன்னவரிடம் மாதம் கழித்து மறுபடி சொல்லுங்கள். மது பரிமாறுவோரின் தலைவனைப் போல, உங்கள் பங்குச் சாமியைப் போல, மனிதர்கள் மறப்பார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வெளிநாடு என்றால் அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

மற்றவர்கள், குறிப்பாக அன்பியப் பொறுப்பாளர்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும், "இப்ப என்ன பண்றீங்க?" என்று முற்றத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, "உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும்?" என்று கேளுங்கள். கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் போலப் புத்தகத்துக்குள் வைக்காதீர்கள்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் நம் கோவில் பக்கவாசலில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே, ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்தோம். இடது பக்கம் வேலை தெரிந்தவர்கள், வலது பக்கம் ஆள் தேவைப்படும் இடங்கள். கிறிஸ்தவர்கள்தான் எழுத வேண்டும் என்று இல்லை. ஆடி மாதம் ரேணுகாம்பாள் கோவிலுக்கு வருகிற கூட்டத்தில் வளையல் கடை போட்ட அம்மா ஒருவரும் தன் கணவருக்காக எழுதிவிட்டுப் போனார். இடது பக்கம் சீக்கிரம் நிரம்பியது. வலது பக்கம் மெதுவாகத்தான் நிரம்புகிறது, அது எனக்கு வருத்தம்.

வலது பக்கத்தில் அதிகம் எழுதுகிறவர் யார் என்றால், நம் எடைமேடைக்காரர்தான். வாரம் முழுவதும் லாரிக்காரர்கள் பேசுவதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை பூசைக்கு முன் வந்து எழுதுகிறார். போன வாரம் மூன்று எழுதியிருந்தார். கண்ணமங்கலத்தில் ஒரு மர அறுவை மில்லுக்கு இரவுக் காவல். போளூரில் ஒரு பள்ளி விடுதிக்குச் சமையல், பெண்கள். சந்தவாசல் பக்கம் ஒரு பள்ளி வேனுக்கு டிரைவர், ஐம்பது தாண்டியவர் என்றால் நல்லது. அந்தக் கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்.